பிளஸ் டூவில் 521, முதல் செமஸ்டரில் இரண்டு அரியர். படிக்கும்போது தெரிகிறது, ஹாலில் வருவதில்லை

கடைசி_ஸ்டாப்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமம். ஒன்றாம் வகுப்பில் இருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். 600-க்கு 521 எடுத்தேன், ஸ்கூலில் இரண்டாவது மார்க். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜில் இசிஇ கிடைத்தது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி, 2021 ரெகுலேஷன். போன வாரம் முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்தது. மேட்ரிக்ஸ் அண்ட் கால்குலஸிலும் பிசிக்ஸிலும் யூ கிரேடு, அதாவது ஃபெயில். மற்றதெல்லாம் பாஸ், பைத்தானில் பி பிளஸ் கூட வந்திருக்கிறது.

நான் படிக்காமல் இல்லை. காலையில் 4 மணிக்கு எழுந்துவிடுவேன், வீட்டில் இரண்டு மாடு இருக்கிறது, சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து ஒரு மணி நேரம் படிப்பேன். 6.45 பஸ். இரண்டு பஸ் மாறி காலேஜ். திரும்பி வீடு சேர இரவு 7 மணி ஆகும். சாப்பிட்டுவிட்டு எட்டரையில் இருந்து பதினொன்றரை, பரீட்சை சமயத்தில் 12 மணி வரை படிப்பேன். நோட்ஸை மூன்று முறையாவது வாசிப்பேன், முக்கியமான வரிகளுக்கு எல்லாம் கோடு போட்டு வைத்திருக்கிறேன், என் நோட்டைப் பார்த்தால் பாதிப் பக்கம் மஞ்சளாக இருக்கும். வாசிக்கும்போது எல்லாம் புரிகிறது, அடுத்த ஸ்டெப் என்ன என்று கூட தெரிகிறது. ஆனால் ஹாலில் கேள்வித்தாளைப் பார்த்தால் "இது நான் படித்ததுதான்" என்று மட்டும் தெரிகிறது, எழுத வரவில்லை.

இன்னும் அதிக நேரம் படிக்க வேண்டுமா, அல்லது தமிழ் மீடியத்தில் இருந்து வந்ததால் எனக்கு இது சரிப்படாதா? மாமா ஒருவர் இப்போதே விட்டுவிட்டு பி.எஸ்சி.யில் சேரச் சொல்கிறார். அப்பா எதுவும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. யாராவது சொல்லுங்கள்.

மூணாவது_பெஞ்ச்:

தம்பி, நான் நான்காம் வருஷம், ட்ரிபிள்இ. முதலில் மாமாவிடம் "சரி மாமா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார். முதல் செமஸ்டரில் கணக்கு அரியர் இல்லாத கிளாஸை நான் பார்த்ததில்லை. அரியரை முடித்துவிட்டால் ஃபர்ஸ்ட் கிளாசுக்குத் தடை கிடையாது, டிஸ்டிங்ஷன் மட்டும்தான் போகும். கேம்பஸுக்கு வரும் கம்பெனிகளிலும் பெரும்பாலும் கேட்பது ஸ்டாண்டிங் அரியர் (இன்னும் முடிக்காத அரியர்) இருக்கிறதா என்றுதான்.

ரிசல்ட்டில் கிரேடு மட்டும்தானே வந்திருக்கும்? எவ்வளவு மார்க்கில் போனது என்று உனக்கே தெரியாது. பிசிக்ஸுக்கு விடைத்தாள் போட்டோகாபிக்கு அப்ளை பண்ணு. ரிசல்ட் வந்த சில நாட்களிலேயே அதற்கான தேதி முடிந்துவிடும், நாளைக்கே காலேஜ் ஆபீஸில் கேள். ரீவேல்யூவேஷன் போடுகிறாயோ இல்லையோ, நீ எழுதியதை நீயே பார்க்க வேண்டும். 38-ல் போனவனுக்கும் 12-ல் போனவனுக்கும் ஒரே யூதான் வரும், ஆனால் வைத்தியம் வேறு.

அடுத்து, பாஸ் கணக்கை ஒருமுறை போட்டுப் பார். உன் 2021 ரெகுலேஷனில், தியரி பேப்பரில் இன்டர்னல் (காலேஜிலேயே போடும் மார்க்) 40, செமஸ்டர் 60. செமஸ்டர் பரீட்சையில் குறைந்தது 45 சதவீதம் வேண்டும், இரண்டும் சேர்த்து 50 வேண்டும். இன்டர்னலில் 30 வைத்திருப்பவன் பேப்பரில் 45 எடுத்தால் அது 27 ஆகும், மொத்தம் 57, பாஸ். இன்டர்னலில் 20 மட்டும் இருப்பவன் பேப்பரில் 50 எடுத்தாக வேண்டும். அதனால் இன்டர்னல் டெஸ்ட்டை "இது சும்மா" என்று விட்டவன் எல்லாம் கடைசியில் அந்த ஐந்து மார்க்குக்குத்தான் திணறுவான்.

கணக்கு பேப்பரில் பத்து 2 மார்க், ஐந்து 16 மார்க். ஐந்து யூனிட்டுக்கும் சமமான பங்கு, பெரிய கேள்விக்கு ஏ அல்லது பி என்று சாய்ஸ். போன நான்கைந்து வருஷத்துக் கேள்வித்தாளை எடுத்து யூனிட் வாரியாகப் பிரித்து வைத்தாலே கேய்லி ஹாமில்டன், குவாட்ரேடிக் ஃபார்ம், லெக்ராஞ்ச், சேஞ்ச் ஆஃப் ஆர்டர் என்ற வகைக் கணக்குகள் எல்லாம் திரும்பத் திரும்ப வருவது கண்ணுக்குத் தெரியும். அதை விடாமல் போட்டுப் பழகினால் பாஸ் உறுதி. மஞ்சள் பேனாவைத் தூக்கிப் போடு.

சாக்பீஸ்:

நான் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் முதல் வருஷத்துக்குக் கணக்கு எடுக்கிறேன். மூணாவது பெஞ்ச் சொன்ன மார்க் கணக்கு சரி. "திரும்பத் திரும்ப வருவதை மட்டும் படி" என்பதில்தான் எனக்குச் சண்டை, அதற்குப் பிறகு வருகிறேன்.

தம்பி, நீங்கள் எழுதியதில் ஒரு வரிதான் விஷயமே: "இது நான் படித்ததுதான் என்று மட்டும் தெரிகிறது." ஒன்றைப் பார்த்து அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் உள்ளே இருந்து எடுப்பது வேறு. நீங்கள் மூன்று முறை வாசித்ததில் முதல் வேலைக்குத்தான் பயிற்சி கிடைத்திருக்கிறது. ஹாலில் கேட்பது இரண்டாவது வேலையை. தினமும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து போகிறோம் என்பதற்காக யாரிடமும் பஸ்ஸைக் கொடுத்துவிட மாட்டார்கள்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சின்னப் பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவு அதை இரண்டு முறை வாசித்தது. இன்னொரு பிரிவு ஒருமுறை வாசித்துவிட்டு, மூடி வைத்து, நினைவில் இருப்பதை எழுதியது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை வாசித்தவர்கள்தான் முன்னால், 81 சதவீதத்துக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: வாசித்தவர்களுக்கு 42, மூடி வைத்து எழுதியவர்களுக்கு 56. அந்த ஐந்து நிமிஷக் கணக்கைக் கவனியுங்கள். வாசித்து முடித்த கையோடு "எல்லாம் தெரிகிறது" என்று நமக்குத் தோன்றுவது பொய்யில்லை, அந்த நேரத்துக்கு அது உண்மைதான். ஆனால் பரீட்சை ஐந்து நிமிஷத்தில் வருவதில்லை.

2013-ல் டன்லாஸ்கியும் நான்கு பேரும் சேர்ந்து படிக்கும் முறைகள் பத்தை எடுத்து, அதுவரை வந்த ஆராய்ச்சிகளை எல்லாம் அலசி வரிசைப்படுத்தினார்கள். மேலே வந்தவை இரண்டு: தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டு விட்டுப் படிப்பது. கோடு போடுவதும் மறுபடி வாசிப்பதும் கீழே. மாணவர்கள் அதிகம் செய்வது அந்தக் கீழே இருப்பவற்றைத்தான், ஏனென்றால் அதில் கஷ்டம் தெரியாது.

அதனால் நேரத்தைக் கூட்டாதீர்கள். இருக்கிற மூன்று மணி நேரத்தை மாற்றுங்கள். ஒரு கணக்கைப் புரிந்துகொள்ளும் வரை ஒருமுறை பாருங்கள். நோட்டை மூடுங்கள். வெள்ளைத்தாளில் போடுங்கள். எங்கே நின்றீர்களோ அங்கே ஒரு வட்டம். மூடியபடியே ஐந்து நிமிஷம் முட்டிப் பாருங்கள், வரவில்லை என்றால் அந்த ஒரு ஸ்டெப்பை மட்டும் திறந்து பாருங்கள். அதே வகைக் கணக்கை நாளைக்கு ஒன்று, நான்கு நாள் கழித்து ஒன்று, அடுத்த வாரம் ஒன்று. முதல் நாள் கையெல்லாம் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும், ஒரு மணி நேரத்தில் இரண்டு கணக்குதான் முடியும், "நேற்று வரை பத்து பக்கம் படித்தேனே" என்று தோன்றும். தோன்றட்டும்.

தமிழ் மீடியம் பற்றி. உங்கள் பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் முதல் பாடமே அணிகள், அணிக்கோவைகள்தான். எட்டாவது பாடத்தில் பகுதி வகைக்கெழு. ஒன்பதாவது தொகை நுண்கணிதம். இந்த செமஸ்டர் கணக்கில் பாதிக்கு அடித்தளம் உங்களிடம் இருக்கிறது, பெயர்தான் மாறியிருக்கிறது. அதே புத்தகத்தின் இங்கிலீஷ் மீடியம் பதிப்பை இலவசமாக டவுன்லோடு செய்யலாம். பயிற்சி எண், கணக்கு எண் எல்லாம் அப்படியே இருக்கும். உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடாகத் தெரிந்த 1.1 பயிற்சியை அதில் எடுத்துப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். நேர்மாறு அணி என்றால் இன்வெர்ஸ், அணித்தரம் என்றால் ரேங்க் என்று தெரிந்த கணக்கின் மேலேயே இங்கிலீஷ் உட்கார்ந்துவிடும். தெரியாத பாடத்தையும் தெரியாத மொழியையும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டியதில்லை.

மூணாவது பெஞ்சுக்கு: பழைய கேள்வித்தாள் நல்லதுதான், நானே கொடுப்பேன். ஆனால் பரீட்சைக்கு முந்தின நாள் இரவு வாட்ஸாப்பில் சுற்றும் "இம்பார்ட்டன்ட் 16 மார்க்" பட்டியலை நம்பி ஒரு யூனிட்டையே விடுபவர்களின் விடைத்தாளைத் திருத்துகிறவன் நான். எண்ணை மாற்றினால்கூட மனப்பாடம் செய்த கணக்கின் எண்ணையே எழுதி வைத்திருப்பார்கள்.

மூணாவது_பெஞ்ச்:

சார், பட்டியலை மட்டும் நம்பச் சொல்லவில்லை, பழைய பேப்பரைப் பிரிக்கச் சொன்னேன். அப்புறம் ஒன்று: இரண்டு அரியரும் புது செமஸ்டரின் தியரி பேப்பர்களும் சேர்த்து ஏப்ரல் மே மாதத்தில் எழுதப் போகிறவனுக்கு எல்லா யூனிட்டும் ஆழமாகப் படி என்று சொல்வது சுலபம். அவன் வீட்டுக்கு வருவதே 7 மணிக்கு.

டூட்டி_நர்ஸ்:

எல்லாரும் எப்படிப் படிப்பது என்றே பேசுகிறீர்கள். தம்பி எழுதியதை நான் இரண்டு தரம் வாசித்தேன். இரவு பதினொன்றரை, பன்னிரண்டுக்குப் படுத்து காலையில் நான்குக்கு எழுந்தால் நான்கு மணி நேரத் தூக்கம், நாலரை என்று வையுங்கள். இதில் என்ன முறையில் படித்தாலும் எங்கே தங்கும்?

நம் ஊரில் விடியற்காலைப் படிப்புக்கு ஒரு பக்தியே இருக்கிறது. நான்கு மணிக்கு எழுந்து படித்தால் மண்டையில் ஏறும் என்று பாட்டியில் இருந்து பி.டி. சார் வரை சொல்வார்கள். அந்தக் காலத்தில் அப்படி எழுந்தவர்கள் எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிட்டார்கள், அதை யாரும் சொல்வதில்லை. பதின்ம வயதில் உடம்புக் கடிகாரமே கொஞ்சம் பின்னால் தள்ளிப் போகும், இரவில் சீக்கிரம் தூக்கம் வராது, காலையில் எழ முடியாது, அது சோம்பல் இல்லை. 13-ல் இருந்து 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி சொல்கிறது. அன்றைக்குப் படித்தது மூளையில் நிலைப்பதில் முக்கியமான ஒரு பகுதி வேலை தூக்கத்தில்தான் நடக்கிறது. நான் நர்சிங் படித்தபோது நைட் டூட்டி முடித்து வந்து படித்த அனாட்டமி எதுவும் என்னிடம் தங்கவில்லை. அதே பாடத்தைத் தூங்கி எழுந்து பாதி நேரம் படித்தால் போதுமாக இருந்தது.

மாட்டை விட்டுவிடு என்று சொல்ல மாட்டேன், வீட்டு நிலைமை எனக்கும் தெரியும். ஆனால் காலையில் பால் வேலை கட்டாயம் என்றால் இரவு பத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். காலைப் படிப்பு ஒரு மணி நேரத்தை விட்டு அதையும் தூங்கு. முடிந்தால் பால் வேலையை வாரத்தில் பாதி நாளாவது வீட்டில் வேறு யாராவது பார்ப்பார்களா என்று கேள், அதைப் பரீட்சை சமயத்தில் கேட்காதே, இப்போதே கேள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும் நாளில் தூங்கு, குற்ற உணர்ச்சி வேண்டாம்.

அப்புறம் 7.5 சதவீதத்தில் வந்ததாகச் சொன்னாயே. அந்த ஒதுக்கீட்டில் தொழிற்கல்வியில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021-லேயே அறிவித்தார்கள். உனக்கு யாரும் சொல்லவில்லையா?

கடைசி_ஸ்டாப்:

அக்கா, விடுதி விஷயம் அட்மிஷன் அன்று சொன்னார்கள். அம்மாவுக்குத் தனியாக மாடு பார்க்க முடியாது என்று நான்தான் வேண்டாம் என்றேன். இப்போது சேர முடியுமா என்று தெரியவில்லை, கேட்கிறேன்.

சார் சொன்னபடி நேற்று இரவு மூடி வைத்துப் போட்டுப் பார்த்தேன். கேய்லி ஹாமில்டன் கணக்கு, மூன்றுக்கு மூன்று மேட்ரிக்ஸ், நோட்டில் மூன்று தரம் கோடு போட்ட பக்கம். கேரக்டரிஸ்டிக் ஈக்வேஷன் எழுதும் இடத்திலேயே நின்றுவிட்டேன். அதற்கு எஸ்1, எஸ்2, எஸ்3 என்று மூன்று எண் வேண்டும். எஸ்1 என்பது மூலைவிட்டத்தின் கூட்டல், எஸ்3 டிட்டர்மினன்ட், இரண்டும் வந்தது. எஸ்2-க்கு மூலைவிட்ட எண்களை இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டிவிட்டேன். அப்படியே போட்டுக்கொண்டே போனேன், கடைசியில் பூஜ்ய மேட்ரிக்ஸ் வரவில்லை. நோட்டைத் திறந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. இத்தனை நாள் வாசித்தபோது அந்த இடத்தை எப்படித் தாண்டிப் போனேன் என்றே புரியவில்லை.

சாக்பீஸ்:

வாசிக்கும்போது அந்த ஸ்டெப்பை நோட்டு உங்களுக்காகப் போட்டுவிடுகிறது, அதனால் தாண்டிப் போகிறீர்கள். இப்போது எங்கே ஓட்டை என்று துல்லியமாகத் தெரிந்துவிட்டது. நேற்று ஒரு கணக்கில் உங்களுக்குக் கிடைத்தது போன செமஸ்டர் முழுக்கக் கிடைக்கவில்லை.

எஸ்2 என்பது மூலைவிட்ட எண்களின் மைனர்களைக் கூட்டுவது. ஒவ்வொரு மைனரும் இரண்டுக்கு இரண்டு டிட்டர்மினன்ட், அதனால் பெருக்கிய பிறகு குறுக்கே இருக்கும் இரண்டின் பெருக்கலைக் கழிக்க வேண்டும். நீங்கள் அந்தக் கழித்தலை விட்டிருக்கிறீர்கள். குறுக்கே பூஜ்யம் இருக்கும் மேட்ரிக்ஸில் உங்கள் வழியிலும் சரியான விடையே வரும், அதனால்தான் இந்தத் தப்பு பலரிடம் நாட்கணக்கில் ஒளிந்திருக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள், இது எந்த நோட்ஸிலும் இருக்காது. ஐகன் வேல்யூக்களை (அந்த கேரக்டரிஸ்டிக் ஈக்வேஷனின் விடைகளை) கூட்டினால் எஸ்1, பெருக்கினால் எஸ்3 வர வேண்டும் என்பது 2 மார்க்கில் அடிக்கடி வரும் விஷயம், விடையைச் சரிபார்க்கவும் பயன்படுத்துவோம். ஆனால் எஸ்2 தப்பாக இருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. தப்பான ஈக்வேஷனிலும் அந்தக் கூட்டலும் பெருக்கலும் சரியாகத்தான் வரும், ஏனென்றால் அவை இரண்டும் எஸ்1, எஸ்3-ஐ மட்டும் பொறுத்தவை. அப்போது எப்படிக் கண்டுபிடிப்பது? ஒன்று, பரீட்சைக் கணக்குகளில் ஐகன் வேல்யூ பெரும்பாலும் முழு எண்ணாக வரும், கன்னாபின்னாவென்று வந்தால் எஸ்2-ஐத் திரும்பப் பாருங்கள். இரண்டு, ஐகன் வெக்டர் போடும்போது மூன்றும் பூஜ்யம் என்பதைத் தவிர வேறு விடையே வரவில்லை என்றால் ஐகன் வேல்யூ தப்பு. இந்த மாதிரி விஷயங்கள் எல்லாம் தானாகப் போட்டுத் தப்பு செய்தவனுக்குத்தான் உறைக்கும்.

தப்புகளுக்கு என்று ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கணக்கை முழுதாக எழுத வேண்டாம். "எஸ்2: குறுக்குப் பெருக்கலைக் கழிக்க மறந்தேன்" என்று ஒரு வரி போதும். இன்டர்னலுக்கு முந்தின நாள் அந்த நோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

வரலாறு_படிக்கிறவள்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் பி.ஏ. வரலாறு, இரண்டாம் வருஷம். எனக்குக் கணக்கே கிடையாது, எல்லாம் பத்து மார்க் கட்டுரைகள். மூடி வைத்து எழுது என்றால் நான்கு பக்கக் கட்டுரையை எப்படித் தினமும் எழுதுவது? கை போய்விடும்.

மூணாவது_பெஞ்ச்:

நான்கு பக்கத்தையும் எழுத வேண்டாம், எலும்புக்கூட்டை மட்டும் எழுதுங்கள். 1806 வேலூர்ப் புரட்சி என்று வைத்துக்கொள்வோம் (பள்ளியில் படித்ததுதான், இன்ஜினியரிங்காரனுக்கும் இது ஞாபகம் இருக்கிறது). வெள்ளைத்தாளில் ஏன், யார், எப்படி நடந்தது, பிறகு என்ன ஆனது என்று நான்கு இடம் விடுங்கள். ஏன் என்பதற்குக் கீழே புதுத் தலைப்பாகை, நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் தடை. யார் என்பதற்குக் கீழே கோட்டையில் இருந்த திப்புவின் மகன்கள், சிப்பாய்கள். நடந்தது என்பதற்குக் கீழே ஜூலை 10, ஆற்காட்டில் இருந்து வந்த கில்லெஸ்பி. பிறகு என்பதற்குக் கீழே ஆளுநர் பென்டிங் திரும்ப அழைக்கப்பட்டது. ஐந்து நிமிஷ வேலை. எந்த இடம் காலியாக இருக்கிறதோ அதை மட்டும் புத்தகத்தில் போய்ப் பாருங்கள். முழுக் கட்டுரை வாரத்துக்கு ஒன்று எழுதினால் போதும், கைக்கும் வேகம் வேண்டுமே.

வரலாறு_படிக்கிறவள்:

நன்றி அண்ணா, இது முடியும். எங்கள் ஹாஸ்டலில் கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி ஒரு பக்கம் வருஷம், மறுபக்கம் நிகழ்ச்சி என்று எழுதி வைத்துக்கொள்கிறோம். சரியாகச் சொன்ன அட்டை பின்னால் போகும், தப்பாகச் சொன்னது நாளைக்கே திரும்ப வரும். ரூம்மேட் கேட்டால் பொய் சொல்ல முடியாது என்பதுதான் இதில் நல்லது.

ஸ்விட்ச்_ஆஃப்:

இவ்வளவு பேசுகிறீர்கள், போனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. போனைத் தூக்கிப் பரணில் போடு, எல்லாம் சரியாகிவிடும். எங்கள் காலத்தில் போன் இல்லை, படித்தோம்.

மூணாவது_பெஞ்ச்:

சார், இப்போது நோட்ஸ் வருவது வாட்ஸாப்பில், அசைன்மென்ட் வருவது வாட்ஸாப்பில், நாளைக்கு லீவா இல்லையா என்பதும் வாட்ஸாப்பில். பரணில் போட்டால் இன்டர்னல் மார்க்கும் பரணுக்குப் போகும். தம்பி தன் போஸ்ட்டில் போனைப் பற்றிச் சொல்லவே இல்லை, இல்லாத வியாதிக்கு ஏன் மருந்து? ஆனால் ஒன்று உண்மை, பி.டி.எஃப்.பை போனில் வைத்துப் படித்தால் மேலே நோட்டிஃபிகேஷன் வந்துகொண்டே இருக்கும். வாரத்துக்கு ஒருநாள் அந்த வாரத்து நோட்ஸை எல்லாம் ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துவிட்டால் படிக்கும் நேரத்தில் போனை அம்மாவிடம் கொடுத்துவிடலாம். சீனியரிடம் லோக்கல் ஆத்தர் புக் பழசு கிடைக்கும், அது இன்னும் மலிவு.

டூட்டி_நர்ஸ்:

பஸ் நேரத்தைப் பற்றியும் ஒன்று. நின்றுகொண்டு போகும் கூட்டத்தில் புத்தகம் திறக்க முடியாது, திறக்கவும் வேண்டாம். அன்றைக்கு நடத்திய பாடத்தில் இருந்து நான்கு 2 மார்க்கை மனசுக்குள்ளேயே கேட்டு மனசுக்குள்ளேயே பதில் சொல்லிப் பார். சார் சொன்ன மூடி வைக்கும் முறைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது, திறந்து பார்க்கவே வழி இல்லையே. வராததை மட்டும் இறங்கியதும் பார். வார்டில் ரவுண்ட்ஸ் போகும்போது மருந்து அளவுகளை எல்லாம் நான் அப்படித்தான் பழகினேன்.

கடைசி_ஸ்டாப்:

எல்லாருக்கும் நன்றி. பிசிக்ஸ் போட்டோகாபிக்கு அப்ளை பண்ணிவிட்டேன், கணக்குக்கும் சேர்த்து. விடுதியில் இடம் இருக்கிறதாம், அடுத்த மாதம் சேரலாம் என்றார்கள். அம்மா போ என்கிறார், ஒரு மாட்டை விற்றுவிடலாம் என்கிறார், அதற்கு நான் இன்னும் சரி சொல்லவில்லை. இன்டர்னல் நடக்கும் வாரங்களில் மட்டும் பக்கத்து வீட்டு நண்பனின் ரூமில் தங்கலாமா என்றும் யோசிக்கிறேன், அவன் காலேஜ் பக்கத்தில் ரூம் எடுத்திருக்கிறான். இப்போதைக்கு இரவு பத்துக்குப் படுத்துவிடுகிறேன்.

சார், ஒரே ஒரு கேள்வி. புது செமஸ்டர் பாடமும் ஓடுகிறது, அரியர் கணக்கில் ஐந்து யூனிட்டும் இருக்கிறது. எதில் இருந்து ஆரம்பிப்பது?

சாக்பீஸ்:

முதல் யூனிட் மேட்ரிக்ஸில் இருந்து. காரணம் இருக்கிறது: இந்த செமஸ்டரில் உங்களுக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அண்ட் நியூமரிக்கல் மெத்தட்ஸ் வரும், அதில் மூன்றாவது யூனிட்டில் காஸ் எலிமினேஷன், பவர் மெத்தடில் ஐகன் வேல்யூ எல்லாம் இருக்கிறது. அரியருக்குப் போடும் உழைப்பில் ஒரு பகுதி புதுப் பேப்பருக்கும் சேரும். காஸ் எலிமினேஷன் என்பது நீங்கள் பிளஸ் டூவில் காஸியன் நீக்கல் முறை என்று போட்டதுதான்.

அடுத்து மூன்றாவது யூனிட், பகுதி வகைக்கெழு தெரிந்தவருக்கு ஜேக்கோபியனும் லெக்ராஞ்சும் சீக்கிரம் கைக்கு வரும். இரண்டாவது யூனிட்டில் லிமிட், டெரிவேட்டிவ் பெரும்பாலும் பிளஸ் ஒன், பிளஸ் டூவிலேயே பார்த்தது, அதைத் தனி நாள் ஒதுக்காமல் நடுநடுவே 2 மார்க்காகப் போட்டு வாருங்கள். ஐந்தாவதை நான்காவது இல்லாமல் தொடாதீர்கள், இன்டக்ரேஷன் வராதவர் டபுள் இன்டக்ரலில் எல்லையை மாற்றிவிட்டு அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார். ஒரே யூனிட்டை ஒரு வாரம் பிடித்துத் தொங்காமல், மூன்றாவதைத் தொடங்கிய பிறகும் முதல் யூனிட்டில் இருந்து தினமும் ஒரு கணக்கு கலந்து போடுங்கள். எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று நீங்களே முடிவு செய்யும் பழக்கம் அப்போதுதான் வரும், ஹாலில் யூனிட் பெயரை யாரும் மேலே எழுதித் தர மாட்டார்கள்.

போட்டோகாபி வந்ததும் சந்தேகம் இருந்தால் இங்கே படம் எடுத்துப் போடுங்கள், ரிஜிஸ்டர் நம்பரை மறைத்துவிட்டு. புதுக் கணக்கு கேட்பதாக இருந்தால் நீங்கள் போட்ட ஸ்டெப்பும் படத்தில் இருக்க வேண்டும். வெறும் கேள்வியை மட்டும் போட்டால் பதில் சொல்ல மாட்டேன்.